எந்தப் பொரிப்பு

புதன்கிழமைகளில் இளவாலைக்குப் போவேன்.
மரியநாயகத்தாரின் கோழிப்பண்ணை.
"சேவலோட நிண்ட முட்டைதானே?"
"ஓமோம். பொரிக்கவோ டொக்டர், பொரிக்கவோ?"
இருபத்திரண்டு வருசமாய் அதே பகிடி.
தாச்சியிலும் இல்லை, அடையிலும் இல்லை.
குஞ்சாக முந்தியே நிறுத்திவிடுவேன்.
அதை அவருக்கு இன்னும் சொன்னதில்லை.

*

தொண்ணூற்று மூன்றில்
பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை.
பிஸ்கற் ரின்னுக்குள் ஆறு முட்டை, கீழே கைவிளக்கு.
ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விலையில்
ஒரு வீட்டின் கிழமைச் சாப்பாடு போகும்.
திரியைத் தூண்டினால் நாற்பது, தணித்தால் முப்பத்தைந்து.
எனக்கு வேண்டியது முப்பத்தெட்டு.
இரண்டு மணிக்கொருதரம் எழும்பினேன்.
கத்தரிக்கோல் நுனியால் ஓட்டில் ஒரு வாசல் வெட்டி
முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பினால்
கடுகளவு சிவப்பு
துடித்து, நின்று, துடித்தது.
மேலே ஹெலி சுற்றியது.
நான் நிமிரவேயில்லை என்று எழுத ஆசை.
நிமிர்ந்தேன். ரின்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.
திரி அணைந்துபோனது.

*

முதலாம் வருடத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன்:
கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் ஒரே புத்தகம்.
சில எழுத்துகளின்மேல் மட்டும் புள்ளி.
க. க்.
எழுத்து அதேதான்,
உயிர் வாய் திறக்காது.

போன வருடம் பின்வரிசையில் நிறோசிகா எழும்பினாள்:
"புள்ளியை எடுத்தா அகரம் தானா வந்திடும், மடம்.
கலத்தில புள்ளியை எடுத்தாலும்
வாசிக்க ஆள் வரவேணுமே?"
மிச்ச நேரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம்.
"நல்ல கேள்வி" என்று அடுத்த படத்துக்குப் போனேன்.

*

என்னுடையது அறுநூற்று நாற்பது எழுத்து.
பரம்பரையலகு அல்ல,
அதற்கு முன்னால் கிடக்கும் வெறுங்காணி.
புரதம் ஒன்றும் அதில் விளையாது.
அது சொன்னால்தான் செட்டை முளைக்கும் என்று
பதினொரு வருடம் பார்த்து எழுதினேன்.
அந்தக் கட்டுரையால் பேராசிரியர் ஆனேன்.
ஆழ்குளிர்ப் பெட்டிக்கு ஜெனரேற்றர் கிடைத்தது.

பிறகு வெட்டும் கருவி வந்தது.
கொழும்புச் சுங்கத்தில் ஐந்து கிழமை கிடந்து
ஐஸ் உருகி, திரும்பவும் எழுதி, திரும்பவும் வந்தது.
வலப்பக்கம் மட்டும் வெட்டுவோம்.
இடப்பக்கம் சாட்சி.
ஏழாம் நாள் பிருந்தாபன்
நுணுக்குக்காட்டியில் குனிந்தபடியே சொன்னான்:
"மடம், செட்டை வந்திருக்கு."
"எந்தப் பக்கம்?"
"ரெண்டு பக்கமும்."

நாற்பத்துமூன்று முட்டை.
நாற்பத்துமூன்றிலும்.

கன்ரீனில் பிளேன்ரீயை ஆறவிட்டேன்.
பலாலி வீதியில் கை காட்டாமல் திரும்பி
ஓட்டோக்காரனிடம் ஏச்சு வாங்கினேன்.

*

இன்னொன்று இருந்தது.
தொண்ணூறாயிரம் எழுத்துக்கு அப்பால்,
வேறொரு பரம்பரையலகின் வயிற்றுக்குள்.
சுன்னாகத்தில் சுவிச்,
காங்கேசன்துறையில் விளக்கு.
இழை மடிந்து வந்து தொட்டுவிட்டுப் போகிறது.
நான் எழுதியது பிழையல்ல. பாதி.
பாதி என்பதை எழுத மூன்று வருடம் எடுத்தது.
அதில் ஒரு வருடம் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் இரண்டையும் வெட்டினோம்.
பதினான்கு முட்டை.
பதினொன்றில் வலத்தோளில் ஒரு புடைப்பு,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
மூன்றில் செட்டை.
"வெட்டு எல்லாக் கலத்திலயும் விழேல்லைப் போல"
என்கிறான் பிருந்தாபன்.
இருக்கலாம்.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்.
இன்றைக்குப் புதன்.
மரியநாயகத்தார் முட்டைத் தட்டை எடுக்கிறார்.
"ரெண்டு டசின்தானே?"
"நாலு" என்கிறேன்.
கணக்குப் பார்ப்பதில்
பகிடியை மறந்துபோகிறார்.